ஈசிஆர் ஒழிந்துவிட்டதா? தம்பியை வளைகுடாவுக்கு அனுப்பும் முன் கேட்ட அக்காவுக்கு

இந்தச் சகோதரி கேட்டிருப்பதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊர் தொண்டிக்குப் பக்கம். தம்பிக்கு 27 வயது, எட்டாவதோடு படிப்பு நின்றுவிட்டது, அதனால் பாஸ்போர்ட்டில் ஈசிஆர் (சில நாடுகளுக்கு வேலைக்குப் போக அரசின் குடிபெயர்வு அனுமதி, அதாவது கிளியரன்ஸ், வேண்டும் என்ற குறி). விசைப்படகில் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தவர். படகை இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போனதிலிருந்து வீட்டில் இருக்கிறார். இரண்டு பேர் இரண்டு வழி சொல்கிறார்கள். ஒருவர் சவூதி கிழக்கு மாகாணத்தில் மீன்பிடி விசா இருக்கிறது, 1,20,000 ரூபாய் கொடுத்தால் கிளியரன்ஸ் முடித்து அனுப்புகிறேன் என்கிறார். இன்னொருவர், “ரூல்லாம் மாறிடுச்சு, ஈசிஆரே இப்பக் கிடையாது, விசிட்ல துபாய்க்கு ஏத்தி விடுறேன், அங்க போய் மாத்திக்கிடலாம்” என்று 90,000 கேட்கிறார். ஊரில் சில பையன்கள் ஈரானுக்குப் போகலாம் என்றும் பேசுகிறார்களாம். ஈசிஆர் போய்விட்டது உண்மையா என்பதுதான் எழுதியிருக்கும் கேள்வி. ஆனால் நகையை வைத்துக் கொடுக்கப் போகிற பணம் அது. அங்கே ஏதாவது ஆனால் யாரைப் போய்க் கேட்பது என்பதுதான் உங்கள் மனதில் இருப்பது என்று நினைக்கிறேன். முதல் கேள்விக்கு நாலு வரி போதும். இரண்டாவதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

தம்மாமில் ஒரு ஒப்பந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் பல வருடம் இருந்தேன். ஊர் திரும்பிய பிறகு ராமநாதபுரத்தில் விசா, அக்காமா (சவூதியில் தங்கும் அனுமதி) சம்பந்தமான காகித வேலைதான் பிழைப்பு. நான் வக்கீல் இல்லை. சவூதி பற்றிச் சொல்வது கையால் செய்த வேலையிலிருந்து வருவது. மற்ற நாடுகள் பற்றிச் சொல்வது என்னிடம் வருகிறவர்களின் தாள்களையும் அந்தந்தச் சட்டங்களையும் படித்ததிலிருந்து வருவது.

ஈசிஆர் ஒழியவில்லை. 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, பத்தாவது தேறாதவர் வேலைக்காகக் குறிப்பிட்ட 18 நாடுகளுக்குப் போவதானால் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரின் அனுமதி வேண்டும். நம் மாநிலத்துக்கு அந்த அலுவலகம் சென்னையில். இப்போது எல்லாம் மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் நடக்கிறது. சவூதி, அமீரகம், கத்தார், குவைத், பஹ்ரைன், ஓமன் ஆறும் அந்தப் பட்டியலில் உண்டு. மலேசியாவும் தாய்லாந்தும்கூட உண்டு. பத்தாவது தேறியவர், வருமான வரி கட்டுகிறவர், ஐம்பது வயது தாண்டியவர், மூன்று வருடத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்து வந்தவர் என்று சில பிரிவினருக்கு விலக்கு இருக்கிறது. உங்கள் தம்பி இதில் எதிலும் வரவில்லை. 2025 அக்டோபரில் மத்திய அரசு பழைய சட்டத்துக்குப் பதிலாக ஒரு புதிய மசோதாவின் வரைவை வெளியிட்டுப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டது. அதைப் பற்றி வந்த வாட்ஸ்அப் செய்திகளை வைத்துத்தான் உங்கள் இரண்டாவது ஆள் பேசுகிறார் போலிருக்கிறது. 2021இலும் இப்படி ஒரு வரைவு வந்தது. வரைவைக் காட்டி ஏர்போர்ட்டில் யாரும் தாண்ட முடியாது.

அவர் சொல்வதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, அதுதான் ஆபத்து. ஈசிஆர் பாஸ்போர்ட்காரர் வேலைக்கு இல்லாமல் சுற்றிப் பார்க்கவோ உறவினரைப் பார்க்கவோ போனால், ரிட்டன் டிக்கெட்டும் முறையான விசாவும் இருந்தால், கிளியரன்ஸ் தேவையில்லை. 2007லிருந்து அப்படித்தான். ஆகவே விசிட் விசாவில் ஏற்றி விடுவது அவருக்குச் சுலபம். ஆனால் கவுண்டரில் அதிகாரி “எதுக்குப் போறீங்க?” என்று கேட்கும்போது உங்கள் தம்பி “மாமாவைப் பார்க்க” என்று சொல்லியாக வேண்டும். அந்த ஒரு பொய்யோடு, அவர் வேலைக்காகப் போனவர் என்பதற்கு இந்தியப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டிய எல்லாத் தாளும் இல்லாமல் போகிறது. ஒப்பந்தம் இல்லை, இன்சூரன்ஸ் இல்லை, எந்த ஏஜென்ட் அனுப்பினார் என்ற பதிவு இல்லை. கையாட்டி விட்டவர் நாளைக்கு “நான் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன், அவ்வளவுதான்” என்பார். சட்டப்படி அவர் சொல்வதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. கவுண்டரில் சந்தேகப்பட்டுத் திருப்பி அனுப்பினாலும் நஷ்டம் உங்களுக்கு மட்டும்தான்.

துபாயில் போய் மாற்றிக்கொள்ளலாம் என்பது முழுப் பொய்யும் இல்லை. முதலாளி ஒருவர் வேலை அனுமதி எடுத்தால், நாட்டுக்குள் இருந்தபடியே விசிட்டிலிருந்து வேலை விசாவுக்கு மாறலாம். அனுமதி வரும்வரை வேலை செய்யக் கூடாது என்பதுதான் சட்டம். அந்த இடைவெளியில்தான் நம் ஆட்கள் சிக்குகிறார்கள், ஏனென்றால் கையில் காசு இல்லாமல் இரண்டு மாதம் சும்மா இருக்க யாராலும் முடியாது. 2024இல் அமீரகம் சட்டத்தைத் திருத்தி, அனுமதியில்லாமல் ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்று உயர்த்திவிட்டது. முன்பு விசிட்டில் வந்தவனைச் சோதனைக்காக ஒரு மாதம் வைத்துப் பார்த்த சின்னக் கடைக்காரரும் இப்போது யோசிக்கிறார். விசா தேதி தாண்டினால் நாளுக்கு 50 திர்ஹாம் ஏறிக்கொண்டே போகும். 2024 செப்டம்பரிலிருந்து டிசம்பர் முடிய அந்நாடு பொதுமன்னிப்புக் கொடுத்தது. அதற்குப் பிறகு பிடி இறுகியிருக்கிறது. விசிட் விசா கேட்பவரிடமே தங்கும் இடம், ரிட்டன் டிக்கெட் எல்லாம் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் படித்த பையன், அங்கே அண்ணன் வீட்டில் தங்கிக்கொண்டு இன்டர்வியூ போவது ஒரு மாதிரி. கடல் வேலை மட்டும் தெரிந்த, அங்கே ஆள் இல்லாத தம்பியை அதே வழியில் அனுப்புவது வேறு மாதிரி. இரண்டாவது வழி வேண்டாம் என்பது என் தீர்மானமான கருத்து.

அப்படியானால் சவூதி நல்லதா? இங்கேதான் நிதானமாகப் படியுங்கள். முறையாகப் போனால் கிடைப்பது என்னவென்று முதலில். பதிவு பெற்ற ஏஜென்ட் ஒருவர் பொறுப்பில் இருப்பார். அரசாங்கத்திடம் அவர் வங்கி உத்தரவாதம் கட்டியிருப்பார். முதலாளியின் பெயரும் சம்பளமும் இ-மைக்ரேட்டில் ஏறும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா இன்சூரன்ஸ் போடுவார்கள்: விபத்தில் இறந்தாலோ நிரந்தரமாக முடமானாலோ பத்து லட்சம். பிரீமியம் இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய், மூன்று வருடத்துக்கு 375 ரூபாய்தான். இந்தச் சின்னத் தொகையைக்கூட விசிட்டில் போகிறவர் இழக்கிறார். ஏஜென்ட் வாங்கலாம் என்று விதி சொல்வது 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். உங்களிடம் கேட்டிருப்பது அதைப் போல மூன்று மடங்குக்கு மேல். நம் கரையில் 30,000க்கு விசா வாங்கியவரை நான் பார்த்ததில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ராமநாதபுரத்தில் உங்களிடம் பேசுகிறவர் பெரும்பாலும் சப்-ஏஜென்ட். அப்படி ஒரு ஆளைச் சட்டம் ஒத்துக்கொள்வதே இல்லை. அவருக்குப் பின்னால் சென்னையிலோ மும்பையிலோ உள்ள லைசென்ஸ்காரர் யார் என்று கேளுங்கள். பெயரையும் பதிவு எண்ணையும் இ-மைக்ரேட் தளத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம். பதிவில்லாத ஏஜென்ட்களின் பட்டியலும் அங்கேயே போட்டிருக்கிறார்கள். பணத்தைக் கையில் கொடுக்காதீர்கள், பேங்க் வழியாகப் போடுங்கள். பதிவில்லாமல் ஆள் அனுப்பினால் இரண்டு வருடம் வரை சிறை என்கிறது 1983 சட்டம். அபராத உச்சவரம்பு 2,000 ரூபாய்! அதைப் படித்து ஏஜென்ட்கள் சிரிப்பார்கள். அதனால் சட்டத்தை விட உங்கள் பேங்க் ரசீதுதான் உங்களைக் காப்பாற்றும்.

அடுத்தது, நான் உண்மையில் சொல்ல வந்த விஷயம். வளைகுடாவில் சட்டம் மாறிவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள், அது சரிதான். 2021 மார்ச்சிலிருந்து சவூதியில் ஒரு வருடம் முடித்த தொழிலாளி கஃபீலின் (விசா கொடுத்த முதலாளியின்) சம்மதம் இல்லாமலே வேறு கம்பெனிக்கு மாறலாம், எக்ஸிட் ரீ-என்ட்ரியை (ஊருக்குப் போய்த் திரும்பி வரும் அனுமதியை) தானே போட்டுக்கொள்ளலாம். வேலை மாற பழைய முதலாளி தர வேண்டிய என்ஓசி என்ற சம்மதக் கடிதத்தைக் கத்தார் 2020இல் எடுத்தது. 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் கொண்டுவந்தது. அமீரகத்தின் புதிய தொழிலாளர் சட்டம் 2022 பிப்ரவரியில் வந்தது. 2025இல் சவூதியில் கஃபாலாவே (தொழிலாளியைக் கஃபீலின் பிடியில் வைக்கும் முறையே) ஒழிந்தது என்றுகூடத் தலைப்புகள் வந்தன. அவற்றில் பெரும்பாலானவை 2021 மாற்றத்தைத்தான் புதுச் செய்தியாகச் சொன்னவை. ஆனால் இந்த மாற்றங்கள் கம்பெனி விசாவில் இருக்கும் வெல்டருக்கும் டிரைவருக்கும் கடைப் பையனுக்கும் வந்தவை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் ஏழாவது பிரிவு யார் யாருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று சொல்கிறது. வீட்டு வேலைக்காரர் அதில் உண்டு, விவசாயக் கூலிகளில் பெரும்பாலோர் உண்டு, 500 டன்னுக்குக் குறைவான கப்பல்களில் வேலை செய்பவரும் உண்டு. கத்தீஃபிலோ தாரூத்திலோ ஜுபைலிலோ நிற்கும் மீன்பிடிப் படகு எதுவும் 500 டன் இருக்காது. ஆக, சீர்திருத்தம் வந்தது வந்தபடி இருக்க, படகில் ஏறுகிற நம் ஆள் பழைய இடத்தில்தான் நிற்கிறார். கஃபீல் நல்லவராக இருந்தால் பிழைப்பு ஓடும். கெட்டவராக இருந்தால், கம்பெனிக்காரன் போய் நிற்கிற அதே தொழிலாளர் நீதிமன்றக் கதவு இவருக்கு அவ்வளவு சுலபமாகத் திறக்காது.

கஃபீல்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இருபது வருடமாக ஒரே அரபாபிடம் (முதலாளியிடம்) இருக்கும் பாம்பன்காரர்களை எனக்குத் தெரியும். பெண் கல்யாணத்துக்கு அரபாபே டிக்கெட் போட்டு அனுப்பியதும் தெரியும். இதில் மனிதரை நம்பிப் போகிறோம், சட்டத்தை நம்பி இல்லை என்று தெரிந்து போக வேண்டும், அவ்வளவே. அதனால் கடல் விசாவுக்கு நான் கேட்கும் முதல் கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதில்லை. அந்தப் படகில் இப்போது நம் ஊர்க்காரர் யார் இருக்கிறார், அவரோடு தம்பி நேராகப் பேசினாரா என்பதுதான்.

சம்பளத்திலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இ-மைக்ரேட் ஒப்பந்தத்தில் மாதம் இவ்வளவு ரியால் என்று எழுதியிருக்கும். படகில் நடப்பது பெரும்பாலும் பங்குக் கணக்கு. டீசல், ஐஸ், சாப்பாடு கழித்து மிச்சத்தில் அரபாபுக்குப் பாதி, ஆட்களுக்கு மீதி என்கிற மாதிரி. நம்மூரில் பழகிய கணக்குதான், உங்கள் தம்பிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நம்மூரில் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். சவூதியின் வளைகுடாப் பக்கத்தில் இறாலுக்குப் பிப்ரவரியிலிருந்து ஜூலை முடிய ஆறு மாதம் தடை, ஆகஸ்ட்டில் திறக்கும். இறால் படகில் பங்குக்குச் சேர்ந்தால் பாதி வருடத்துக்கு வருமானம் என்ன என்று இப்போதே கேட்டுவிட வேண்டும். தடைக்காலத்தில் வலை பின்னச் சொல்வார்களா, மீன் படகுக்கு மாற்றுவார்களா, சாப்பாட்டுக்கு யார் கொடுப்பார்கள்? பிப்ரவரியில் போய் இறங்கினால் முதல் ஆறு மாதம் இங்கே அடகுக் கடைக்கு வட்டி கட்டவே பணம் வராது. ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டார். சில பேருக்குத் தெரியாது, சில பேருக்குத் தெரிந்தும் சொல்ல மாட்டார்கள். எல்லைப் பிரச்சினையும் இருக்கிறது. கச்சத்தீவுப் பக்கம் பிடிபட்டால் சங்கம் போராடும், கலெக்டர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம், செய்தியில் வரும். பாரசீக வளைகுடா அகலம் குறைந்த கடல். பஹ்ரைன், கத்தார், ஈரான் எல்லைகள் நெருக்கமாக இருக்கின்றன. அங்கே வேறு நாட்டு ரோந்து பிடித்தால் நம் ஆள் சவூதிப் படகில் இருந்த இந்தியர், அவ்வளவுதான். முதலாளி வந்து படகைக் கேட்பார். ஆட்களையும் கேட்பாரா என்பது அவர் மனதைப் பொறுத்தது.

இப்போது தாளைச் சோதிப்பது எப்படி என்று சொல்கிறேன். 2023இலிருந்து இந்தியர்களுக்கு சவூதி விசா பாஸ்போர்ட்டில் ஸ்டிக்கராக ஒட்டப்படுவதில்லை, கியூஆர் கோடு போட்ட ஏ4 தாளாக வருகிறது. ஸ்டிக்கரைப் போலியாகச் செய்வது கஷ்டம், தாளைச் செய்வது சுலபம். ஆகவே விசா எண்ணையும் பாஸ்போர்ட் எண்ணையும் வைத்து சவூதி வெளியுறவு அமைச்சகத்தின் விசா தளத்தில் பாருங்கள். தொழில் என்ற கட்டத்தில் மீனவர் என்று இருக்கிறதா, ஆடு மேய்ப்பவர், வீட்டு வேலையாள் என்று இருக்கிறதா என்று அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். நம் கடற்கரை ஊர்களில் ஜமாத்துக்கு ஒரு சபுராளியாவது (வெளிநாட்டில் வேலை பார்த்து வந்தவராவது) அரபி படிக்கத் தெரிந்தவர் இருப்பார். ஸ்பான்சர் எண்ணையும் பாருங்கள். 7இல் தொடங்கினால் அது ஒரு நிறுவனம், 1இல் தொடங்கினால் தனி ஆள். தனி ஆள் என்றால் உடனே வேண்டாம் என்று அர்த்தமில்லை, படகுக்காரர் பலர் தனி ஆட்கள்தான். ஆனால் ஏஜென்ட் “பெரிய கம்பெனி” என்று சொல்லியிருந்து எண் 1இல் தொடங்கினால், அவர் இன்னும் எதிலெல்லாம் பொய் சொல்லியிருப்பார் என்று யோசியுங்கள். மெடிக்கல் எடுத்தாகிவிட்டதென்றால் அதன் முடிவை வஃபித் என்ற, வளைகுடா நாடுகளுக்கான மெடிக்கல் தளத்தில் நீங்களே பார்க்கலாம். ‘ஃப்ரீ விசா’ என்று யாராவது சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். அப்படி ஒரு விசா எந்த நாட்டுச் சட்டத்திலும் கிடையாது. யாரோ ஒருவர் பேரில் அக்காமா எடுத்து, வெளியே வேலை செய்து, மாதாமாதம் அவருக்குக் கப்பம் கட்டுவதுதான் அது.

ஈரான் பற்றி. ஈரான் அந்த 18 நாட்டுப் பட்டியலில் இல்லை. அதனால் ஈசிஆர் இருந்தாலும் கிளியரன்ஸ் கேட்க மாட்டார்கள், ஏஜென்ட்களுக்கு அது பெரிய வசதி. 2024 பிப்ரவரியில் ஈரான் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுக்கு விசா இல்லாமல் 15 நாள் அனுமதித்தது. வேலை தருகிறேன் என்று அழைத்துப் போய்க் கடத்திப் பணம் பறித்த சம்பவங்களுக்குப் பிறகு, 2025 நவம்பர் 22 முதல் அதை நிறுத்திவிட்டார்கள். இன்னும் “விசா வேண்டாம்” என்று யாராவது சொன்னால் பழைய செய்தியை விற்கிறார். 2020இல் கொரோனாவின்போது பந்தர் அப்பாஸிலிருந்து ஐஎன்எஸ் ஜலஷ்வா கப்பல் 687 பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்து இறக்கியது, அவர்களில் பெரும்பாலோர் நம் மாநில மீனவர்கள். 2025 ஜூனில் போர் வந்தபோதும் தமிழக மீனவர்கள் அங்கே மாட்டிக்கொண்டார்கள். கிளியரன்ஸ் தேவையில்லாத நாட்டில் நம் ஆள் எத்தனை பேர், எந்தப் படகில் என்று கணக்கே இருக்காது. மீட்புக்கு முதலில் தேவைப்படுவது அந்தக் கணக்குதான்.

ஈசிஆர் ஏழைகளை மட்டும் அலைய வைக்கும் விதி என்று கோபப்படுகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அதன் வேர் நம் கரையிலேயே இருக்கிறது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்கு 1914இல் கப்பல் ஓடத் தொடங்கியபின், இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை மண்டபம் முகாமில் நிறுத்தி, உடம்பையும் தாளையும் பார்த்துத்தான் ஏற்றினார்கள். அந்தக் கூலிகளைத் திரட்டிய கங்காணிகள் உட்பட, ஆள் அனுப்புவதைக் கட்டுப்படுத்தத்தான் 1922 குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதை எடுத்துவிட்டு வைத்ததுதான் 1983 சட்டம். கங்காணி இன்று சப்-ஏஜென்ட் ஆகியிருக்கிறார், செல்போன் வைத்திருக்கிறார்.

என்னைக் கேட்டால் இப்படிச் செய்வேன். துபாய் விசிட்டை இன்றே வேண்டாம் என்று சொல்லிவிடுவேன். சவூதிக்காரரிடம் லைசென்ஸ் எண், விசாத் தாள், படகில் இருக்கும் ஒரு ஆளின் போன் நம்பர் மூன்றும் கேட்பேன். மூன்றும் வராமல் ஒரு ரூபாய் கொடுக்க மாட்டேன். அதே நேரத்தில் தம்பியைத் தேசியத் திறந்தநிலைப் பள்ளியிலோ தனித்தேர்வராகவோ பத்தாவது எழுத வைப்பேன். 27 வயதில் இதெல்லாம் எதற்கு என்பார். தேறிவிட்டால் சான்றிதழோடு விண்ணப்பித்து ஈசிஆர் இல்லாத பாஸ்போர்ட் வாங்கலாம், கடல் வேலையை விட்டு வேறு வேலைக்கும் வழி திறக்கும். போலி மார்க் ஷீட் வைத்து ஈசிஆரை எடுத்துத் தருகிறேன் என்று ஒரு கூட்டம் அலைகிறது. அது பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம், மாட்டுவது தம்பிதான். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு மனிதவள நிறுவனம் இருக்கிறது, 1978லிருந்து ஆள் அனுப்புகிறது. அவர்களிடம் மீன்பிடி வேலை அடிக்கடி வராது என்றாலும், பெயரைப் பதிந்து வைப்பதில் நஷ்டமில்லை.

விசாத் தாள் கைக்கு வந்ததும் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் மறைத்துவிட்டுப் படத்தை இங்கே போடுங்கள், தொழில் கட்டத்தையும் ஸ்பான்சர் எண்ணையும் பார்த்துச் சொல்கிறேன். அதுவரை ஒரிஜினல் பாஸ்போர்ட்டை யாரிடமும் கொடுக்க வேண்டாம். கேட்டால் ஜெராக்ஸ் போதும்.